படித்து முடித்தவுடனேயே அலுவலகப் பணிக்குச் சென்றால் செவிலியர் வாழ்க்கை என்னவாகும்?

மர்ஃபி டவுன் மகள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பெங்களூருவில் நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் படிப்பை இந்த ஆண்டு முடித்திருக்கிறேன். சொந்த ஊர் திருப்பத்தூர். படிக்க வந்த நாள்முதல் மர்ஃபி டவுனில் சித்தி வீட்டில் தங்கியிருக்கிறேன். கர்நாடக மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் இந்த நாட்களில் இரண்டு வேலைகள் கைக்கு வந்திருக்கின்றன. எதை ஏற்கிறேன் என்று அடுத்த வாரத்துக்குள் சொல்ல வேண்டும்.

முதலாவது, பன்னர்கட்டா சாலைப் பக்கம் உள்ள ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ் பணி. மாதம் 22,000 ரூபாய், மூன்று ஷிப்ட், தங்கும் விடுதி உண்டு. இரண்டாவது, மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் ஒரு டி.பி.ஏ. நிறுவனத்தில் அலுவலகப் பணி. மாதம் 26,000 ரூபாய், பயிற்சி முடியும்வரை பகல் நேரம் மட்டும், ஞாயிறு விடுமுறை. கல்விக் கடனாக வங்கிக்கு மூன்றரை லட்சம் ரூபாய் கட்ட வேண்டியிருப்பதால், 4,000 ரூபாய் வித்தியாசம் எங்கள் வீட்டுக்குச் சிறியதன்று.

நோயாளியைத் தொட்டுப் பார்க்கப் படித்துவிட்டுக் கணினி முன் உட்காருவதா என்று அப்பா வருந்துகிறார். இரவுப் பணி இல்லாத வேலை கிடைப்பதே அரிது, விட்டுவிடாதே என்று சித்தி சொல்கிறார். நான் கேட்க விரும்புவது இதுதான்: ஒரு நாள்கூட வார்டில் ஊழியராகப் பணிபுரியாமல் நேரே மேசைக்குச் சென்றவர்கள் இங்கே இருக்கிறீர்களா? பிறகு மருத்துவமனைக்குத் திரும்ப நினைத்தபோது திரும்ப முடிந்ததா? மேற்படிப்புக்கோ அரசுப் பணிக்கோ அது தடையாக இருந்ததா?


அல்சூர் அக்கா

தங்கைக்கு வணக்கம். இருபத்தாறு ஆண்டுகளாகச் செவிலியாக இருக்கிறேன். முதல் பதினைந்து ஆண்டுகள் வார்டிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும், அதன் பிறகு இன்றுவரை மருத்துவமனையின் தரப் பிரிவிலும் வேலை செய்து வருகிறேன். அதாவது, நீங்கள் சொல்லும் மேசைதான் இன்று எனக்கும் சோறு போடுகிறது. அதைத் தாழ்த்திப் பேச எனக்கு வாய் வராது.

ஆனால் அந்த மேசையில் நான் என்ன செய்கிறேன் என்பதைச் சொன்னால்தான் என் கருத்து உங்களுக்கு விளங்கும். மருத்துவமனைகளின் தரத்தைச் சான்றளிக்கும் என்.ஏ.பி.எச். வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை என்பதால், எத்தனை நோயாளிகள் கட்டிலிலிருந்து விழுந்தார்கள், எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் வந்தது, எத்தனை முறை மருந்து தவறாகக் கொடுக்கப்பட்டது என்ற கணக்கெல்லாம் மாதந்தோறும் என்னிடம் வந்து சேரும். ஒரு மாதம் படுக்கைப் புண் எண்ணிக்கை கூடியிருந்தது. குறிப்பேட்டில் இரண்டு மணிக்கொரு முறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்ததாகக் கையொப்பம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் அன்றைய இரவுப் பணியில் அந்த வார்டுக்கு இரண்டே பேர், நோயாளியின் எடையோ எண்பது கிலோ. அவ்வளவு எடையுள்ளவரை ஒருத்தி தனியாகத் திருப்ப முடியாது என்பதும், மற்றவள் அந்த நேரத்தில் வேறொரு கட்டிலில் ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்திருப்பாள் என்பதும், தாளைப் பார்த்த அடுத்த நொடியே எனக்குத் தெரிந்தன; நானும் அப்படி நின்றவள்தான். ஆகவே அந்தப் பெண்களைக் கூப்பிட்டுக் கண்டிக்காமல், அந்த வார்டுக்கு இரவில் இன்னோர் ஆள் வேண்டும் என்று எழுதினேன். வார்டைப் பார்க்காத ஒருவர் அதே மேசையில் இருந்திருந்தால், கையொப்பம் இருக்கிறது, புண்ணும் இருக்கிறது, எனவே செவிலியர் பொய் எழுதினார் என்பதோடு கோப்பை மூடியிருப்பார்.

நைட்டிங்கேல் அம்மையாரைக் கல்லூரியில் விளக்கோடு மட்டுமே காட்டிவிடுகிறார்கள். கிரிமியப் போரின்போது 1854-இல் துருக்கியின் ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போய்த் திரும்பியபின், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அவர் கழித்தது எழுத்திலும் கணக்கிலும்தான். போர்க்காயத்தால் இறந்த வீரர்களைவிடத் தடுக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்களே மிகுதி என்பதை 1858-இல் அவர் வட்ட வரைபடமாக வரைந்து காட்டினார். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமலேயே இங்கிருந்த ராணுவ முகாம்களின் சுகாதாரத்தைப் பற்றி விரிவாக எழுதினார். அந்தக் கணக்கையெல்லாம் போடத் தூண்டியது ஸ்கூட்டாரி மருத்துவமனையில் அவர் கண்ணால் கண்டதுதான்.

இனி நீங்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன். எம்.எஸ்சி. நர்சிங் சேர்வதற்கு, பி.எஸ்சி.க்குப் பிறகு ஓராண்டுப் பணி அனுபவத்தை இந்திய நர்சிங் கவுன்சில் கேட்கிறது. காப்பீட்டு நிறுவனத்தில் கழித்த ஆண்டை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். வளைகுடா மருத்துவமனைகளின் விளம்பரங்களில் பெரும்பாலும் இரண்டு ஆண்டு வார்டு அனுபவம் கேட்பார்கள். படிப்புக்கும் பணிக்கும் இடையே நீண்ட இடைவெளி இருந்தால் அதற்கும் காரணம் கேட்பார்கள். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வு இதற்கு விலக்கு. பி.எஸ்சி. முடித்துப் பதிவு பெற்றவர்கள் அனுபவம் இல்லாமலேயே அதை எழுதலாம். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 30; அடிப்படை ஊதியம் 44,900 ரூபாய். எந்த வேலையை ஏற்றாலும் அந்தத் தேர்வுக்குப் படிப்பதை நிறுத்தாதீர்கள். தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி. வழியாகச் செல்ல விரும்பினால், கர்நாடகப் பதிவு மட்டும் போதாது. தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலிலும் பதிவு வேண்டும்.

ஊதியத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் பிறப்பித்த உத்தரவின்படி அமைந்த குழு, 200 படுக்கைகளுக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனைகள் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் தர வேண்டும் என்றும், ஐம்பதுக்கும் குறைவான படுக்கைகள் உள்ள இடங்களில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றும் பரிந்துரைத்தது. பெரிய மருத்துவமனை என்று நீங்கள் சொல்லும் இடம் இத்தனை ஆண்டுகள் கழித்து உங்களுக்கு 22,000 ரூபாய் தருவதாகச் சொல்வதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. வார்டுக்குப் போங்கள் என்று சொல்லும் என்னைப் போன்றவர்கள் இந்த அநியாயத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்று. உங்கள் பதிவில் அப்பா சொன்னது இருக்கிறது, சித்தி சொன்னது இருக்கிறது, கடன் கணக்கும் இருக்கிறது. நீங்கள் ஏன் வார்டு வேண்டாம் என்று நினைக்கிறீர்கள் என்பது மட்டும் இல்லை. விருப்பமிருந்தால் எழுதுங்கள்.


கோப்பு பார்ப்பவள்

நேரே மேசைக்குச் சென்றவள் நான். படிப்பு முடிந்த மூன்றாம் மாதத்தில் ஒரு டி.பி.ஏ. நிறுவனத்தில் சேர்ந்தேன், ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது மாலையில் வீடு திரும்பும் வேலை எனக்குக் கிடைத்தது பெரிய ஆறுதல். அதற்காக இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

வேலை என்னவென்றால், மருத்துவமனையிலிருந்து வரும் முன் அனுமதிக் கோரிக்கையைப் படித்து, நோயாளியின் தொல்லை, கண்டறிந்த நோய், திட்டமிட்ட சிகிச்சை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். பாலிசியில் காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா, அறை வாடகைக்கு வரம்பு உண்டா, பழைய நோயை மறைத்திருக்கிறார்களா என்பவற்றையும் சரிபார்க்க வேண்டும். படிப்பு இதில் நன்றாகவே உதவுகிறது. சாதாரணக் காய்ச்சல் என்று எழுதி ஐந்து நாள் அனுமதி கேட்கும் கோப்பில், ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை சரிந்திருப்பதைக் கண்டு உடனே அனுமதிக்குப் பரிந்துரைத்த நாட்கள் உண்டு; அந்தக் குடும்பத்தின் முகத்தை நான் பார்த்ததில்லை, ஆனாலும் அன்று எனக்கு நிறைவாக இருந்தது.

பகல் நேரம் மட்டும் என்று சொன்னதை அப்படியே நம்பிவிடாதீர்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, பணமில்லாச் சிகிச்சைக் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், வீடு திரும்பும்போது வரும் இறுதிக் கோரிக்கைக்கு மூன்று மணி நேரத்திலும் முடிவு சொல்ல வேண்டும். நோய் இரவு பகல் பார்த்து வருவதில்லை என்பதால், எங்கள் அலுவலகத்தில் இரவு ஷிப்ட் உண்டு. திரையின் மூலையில் நிமிடங்கள் குறைந்துகொண்டே இருக்கும். பயிற்சிக்குப் பிறகு ஷிப்ட் எப்படி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. எங்கள் அலுவலகத்தில் இறுதி முடிவெடுக்கும் மருத்துவ அலுவலர் இருக்கைகளில் ஆயுர்வேதம், ஹோமியோபதி, பல் மருத்துவம் படித்தவர்கள் அமர்கிறார்கள். செவிலியர் படிப்புக்கு அதற்குக் கீழே ஒரு படியில் கூரை வந்துவிடுகிறது. நான்காம் ஆண்டில் மருத்துவமனைக்குத் திரும்பலாம் என்று மூன்று இடங்களில் முயன்றேன். மூன்று இடங்களிலும் என்னைப் புதிதாகப் படித்து வந்தவளாகவே கணக்கில் வைத்தார்கள். அவர்கள் சொன்ன ஊதியம் நான் அப்போது வாங்கியதில் பாதிக்குச் சற்று மேல். ஓரிடத்தில் நரம்பில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாயான கேனுலாவைப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். என் கை நடுங்கியது. வீட்டுச் செலவை நினைத்துத் திரும்பி வந்துவிட்டேன்.

மேசைதான் வேண்டுமென்றால், மருத்துவமனைக்குள்ளேயே இருக்கும் காப்பீட்டுப் பிரிவில் இடம் கேட்டுப் பாருங்கள். அங்கே இருப்பவர்கள் கோப்போடு வார்டுக்குப் போய் மருத்துவரிடம் கேட்க வேண்டியிருக்கும்; பிரிவு மாற்றம் கேட்பதும் எளிது.


குறியீட்டுக்காரன்

நான் ஆண் செவிலியர். ஓராண்டு அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்துவிட்டு, மான்யதா தொழில்நுட்பப் பூங்கா பக்கம் மருத்துவக் குறியீட்டுப் பணிக்கு வந்தேன். டி.பி.ஏ. வேண்டாமென்றால் அடுத்ததாக உங்கள் காதில் விழப்போவது இந்தத் துறைதான் என்பதால் எழுதுகிறேன்.

அமெரிக்க மருத்துவமனைகளின் சிகிச்சைக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டை இடுவது எங்கள் வேலை. அங்கே 2015 அக்டோபர் முதல் ஐ.சி.டி. 10 என்ற நோய்க் குறியீட்டு முறை நடைமுறையில் இருக்கிறது. குறியீடு இடுபவர்களுக்கான சி.பி.சி. சான்றிதழுக்கு நூறு கேள்விகள், நான்கு மணி நேரம், 70 விழுக்காடு தேர்ச்சி. அனுபவம் இல்லாமல் எழுதித் தேறினால் முதலில் பயிற்சியாளர் என்ற ஒட்டோடுதான் சான்றிதழ் வரும். உடற்கூறும் மருந்தியலும் படித்த நமக்கு அது கடினமான தேர்வன்று.

வேலையில் செவிலிக்கு ஒரு வேதனை உண்டு. ரத்தத்தில் சோடியம் 118 என்று ஆய்வறிக்கை கண் முன்னே இருக்கும். அதற்கு மருந்து ஏற்றியதும் இருக்கும். ஆனால் சோடியம் குறைபாடு என்று மருத்துவர் தம் குறிப்பில் எழுதாவிட்டால், எண்ணை மட்டும் பார்த்து நாம் குறியீடு இட முடியாது. மருத்துவருக்கு ஒரு வினா அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த வினாவை எந்த இடத்தில், எப்படி எழுப்புவது என்று அறிந்தவர்கள்தான் ஆவண மேம்பாட்டுப் பிரிவுக்கு உயர்கிறார்கள். நான் உயர்ந்ததற்குக் காரணம் அவசர சிகிச்சைப் பிரிவில் கழித்த அந்த ஓராண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. சோடியம் குறைந்த நோயாளி எப்படிப் பிதற்றுவார் என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தவன். மற்றபடி, எளிய குறியீடுகளை இப்போது மென்பொருளே பரிந்துரைத்துவிடுகிறது. வெறும் குறியீடு இடுவதை மட்டும் நம்பி இருபத்திரண்டு வயதில் உள்ளே வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.


மர்ஃபி டவுன் மகள்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா கேட்டதற்கு இரண்டு நாட்களாக எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன்.

கடைசிப் பருவத்தின் உள்ளகப் பயிற்சியில், மருத்துவ வார்டில் எனக்கு இரவுப் பணி. பதினெட்டு நோயாளிகளுக்கு ஒரு ஸ்டாஃப் சிஸ்டரும் நானும் மட்டுமே. ஏழாம் கட்டிலில் நிமோனியாவுக்காகச் சேர்ந்திருந்த ஒரு தாத்தா, கோலாரிலிருந்து வந்தவர். என்னோடு தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். இரவு இரண்டு மணிக்கு எல்லோருக்கும் அளவுகள் எடுத்தேன். வெப்பநிலை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றை அளந்தே எழுதினேன். மூச்சு எண்ணிக்கையை மட்டும், அந்த வார்டில் எல்லோரும் எழுதுவதைப் போல, எண்ணாமலேயே 20 என்று எழுதினேன். அவர் அன்று வழக்கத்தைவிட அமைதியின்றி, போர்வையை விலக்குவதும் இழுப்பதுமாக இருந்தார். தூக்கம் வரவில்லை போலும் என்று நினைத்துவிட்டேன். நாலரை மணிக்கு அவருக்கு மூச்சு நின்றது. எல்லோரும் ஓடி வந்து முயன்றார்கள், காப்பாற்ற முடியவில்லை.

யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அளவுகள் எல்லாம் சீராக இருந்தன, திடீரென்று நேர்ந்துவிட்டது என்று எழுதினார்கள். சீராக இருந்தன என்பதற்குச் சான்று நான் எழுதிய அந்த 20-தான். இதை என் வீட்டில் சொல்லவில்லை. வார்டு என்றவுடன் எனக்கு அந்த எண்தான் நினைவுக்கு வருகிறது. இனியொருவரின் உயிர் என் கையெழுத்தை நம்பியிருக்கக் கூடாது என்று தோன்றுகிறது.


அல்சூர் அக்கா

தங்கையே, இதை எழுதியதற்கு உங்களைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. உங்கள் மேல் தவறே இல்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அப்படிச் சொல்லவும் மாட்டேன். மூச்சை எண்ணியிருக்க வேண்டும். ஒரு நோயாளி சரியப்போகிறார் என்பதை முதலில் காட்டுவது பெரும்பாலும் மூச்சு எண்ணிக்கைதான். மருத்துவமனைகளில் மிகவும் அலட்சியமாக எழுதப்படுவதும் அதுவேதான். அந்தத் தாத்தா போர்வையை இழுத்ததும் ஆக்சிஜன் குறைந்ததன் அறிகுறியாக இருந்திருக்கலாம். எண்ணியிருந்தாலும் அவர் பிழைத்திருப்பாரா என்பதை யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் அந்த 20 உங்கள் கண்டுபிடிப்பன்று. அந்த வார்டில் எல்லோரும் எழுதினார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பொது மருத்துவமனை வார்டுகளில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறி. பயிற்சி மருத்துவமனையில் மூன்று பேருக்கு ஒருவர். பதினெட்டு பேரை ஒரு சிஸ்டரிடமும் ஒரு மாணவியிடமும் ஒப்படைத்துவிட்டுப் போனவர்கள் அந்த இரவில் நிம்மதியாக உறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணினால் மூச்சுக்கு மட்டுமே பதினெட்டு நிமிடம் ஆகும். அந்த நிமிடங்கள் உங்களுக்குக் கொடுக்கப்படவில்லை. பொறுப்பில் உங்கள் பங்கு எவ்வளவோ அவ்வளவை மட்டும் சுமந்துகொள்ளுங்கள்.

மேசைக்குப் போனால் கையெழுத்திலிருந்து தப்பிக்கலாம் என்று நினைக்கிறீர்கள். மேலே ஒரு தங்கை எழுதியதைப் பாருங்கள். தட்டணு எண்ணிக்கையைக் கவனிக்காமல் அவர் மறுப்புக்குப் பரிந்துரைத்திருந்தால், அந்தக் குடும்பம் நடு இரவில் நகையை அடகு வைக்க ஓடியிருக்கும். நம் படிப்பை வைத்து எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் நம் கையெழுத்தை நம்பி ஒருவர் படுத்திருப்பார்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். வேலைக்கு அழைத்த மருத்துவமனையின் நர்சிங் கண்காணிப்பாளரை நேரில் சந்தித்து நான்கு செய்திகளைக் கேளுங்கள். இரவில் ஒரு செவிலிக்கு எத்தனை நோயாளிகள், புதியவருக்கு மூத்தவர் ஒருவர் எத்தனை வாரம் உடன் இருப்பார், நோயாளி சரிகிறார் என்று தோன்றினால் மருத்துவர் குழுவைச் செவிலியே அழைக்க முடியுமா, அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்களா. கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இரவில் எட்டுப் பேருக்கு மேல் என்றாலும் வேறிடம் தேடுங்கள். இந்த ஊரில் மருத்துவமனைக்குப் பஞ்சமில்லை. வார்டுக்குள் உடனே போக மனம் ஒப்பவில்லை என்றால் டயாலிசிஸ், எண்டோஸ்கோபி, பகல்நேரக் கீமோதெரபி போன்ற பிரிவுகளைக் கேளுங்கள். அவையும் நோயாளியைத் தொட்டுச் செய்யும் பணியே. ஒருவரின் கையில் சில பேர் மட்டுமே இருப்பார்கள். பெரும்பாலும் இரவு இருக்காது. டயாலிசிஸ் நாற்காலியில் நான்கு மணி நேரம் அமரும் அதே ஆளை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பார்ப்பீர்கள். அவர் முகம் மாறினால் இயந்திரம் ஒலிப்பதற்கு முன்பே உங்களுக்குத் தெரியும்.

உறக்கத்தில் அந்த இரவு திரும்பத் திரும்ப வந்தால் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலும் பேசலாம். நான் என் முதல் மரணத்துக்குப் பிறகு யாரிடமும் பேசாமல் இரண்டு ஆண்டுகள் கழித்தேன். அது தேவையில்லாத இரண்டு ஆண்டுகள்.


கோப்பு பார்ப்பவள்

அக்கா எழுதியதைப் படித்தபின் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். டி.பி.ஏ. நிறுவனங்கள் ஆண்டு முழுவதும் ஆள் எடுக்கின்றன. ஓராண்டு வார்டில் இருந்துவிட்டு வந்தால் இதே வேலை அப்போதும் இருக்கும். எங்கள் இடத்தில் அனுபவத்தோடு வருபவருக்குத் தொடக்க ஊதியமும் கூடுதல். எதிர்த்திசைப் பயணம் எப்படி இருக்கும் என்பதை நான் ஏற்கெனவே எழுதிவிட்டேன்.


மர்ஃபி டவுன் மகள்

இன்று காலை பன்னர்கட்டா சாலைக்குச் சென்று கண்காணிப்பாளரைப் பார்த்தேன். பொது வார்டில் இரவில் ஒருவருக்கு எட்டுப் பேர், சில நாட்களில் பத்துப் பேர் என்று மறைக்காமல் சொன்னார். மூத்தவர் உடனிருப்பது நான்கு வாரம். சான்றிதழின் நகல் போதும். குழுவைச் செவிலியே அழைக்கலாம், அழைத்ததற்காக யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்றார். டயாலிசிஸ் பிரிவில் இடம் உண்டா என்று கேட்டேன். இரண்டு மாதத்தில் ஒருவர் மகப்பேறு விடுப்பில் செல்கிறார், அதுவரை உள்நோயாளிப் பிரிவில் இருக்கச் சம்மதமா என்று கேட்டார்.

அந்த இரண்டு மாதம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. திங்கட்கிழமை பதில் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா திருப்பத்தூரிலிருந்து வருகிறார். ஏழாம் கட்டிலைப் பற்றி அவரிடம் முதலில் சொல்லிவிடப் போகிறேன். அக்காவிடம் ஒரு கேள்வி மட்டும் மீதம் இருக்கிறது: வார்டில் உள்ள மற்றவர்கள் எல்லோரும் 20 என்று எழுதும்போது, நான் ஒருத்தி மட்டும் நின்று எண்ணிக்கொண்டிருந்தால், புதிதாக வந்தவள் வேலையைத் தாமதப்படுத்துகிறாள் என்று சொல்வார்களே, அந்த முதல் வாரங்களை நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?


அல்சூர் அக்கா

சொல்வார்கள். என்னையும் சொன்னார்கள். மணிக்கட்டில் நாடி பார்ப்பதுபோல் விரலை வைத்துக்கொண்டு, நாடியை முதல் அரை நிமிடமும், விரலை எடுக்காமலேயே மூச்சை அடுத்த ஒரு நிமிடமும் எண்ணுங்கள். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி தம்மையறியாமல் மாற்றி விடுவார் என்பதால் கல்லூரியிலும் இப்படித்தான் கற்றுத் தந்திருப்பார்கள். செகண்டு முள் உள்ள கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் முழு நிமிடம் முடியாத இரவில், நிமோனியா, இதயம், அறுவைச் சிகிச்சை முடிந்த முதல் நாள், அமைதியின்றிப் புரளுபவர் ஆகியோரை முதலில் எண்ணுங்கள். எண்ண முடியாமல் போனவருக்கு அந்தக் கட்டத்தை வெற்றாக விட்டுவிட்டு, ஷிப்ட் மாறும்போது வாயால் சொல்லிவிடுங்கள். வெற்றுக் கட்டத்துக்காக என்னை இரண்டு முறை திட்டியிருக்கிறார்கள். மூன்றாம் வாரத்தில், நான் 34 என்று எழுதிய ஒரு நோயாளியை விடியுமுன் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அதன் பிறகு அந்த வார்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.